சலேத்தம்மாள், மூன்றாம் பாகம்

அக்டோபர் 18, 1974. வெள்ளி.

காலையில் வெயில், மத்தியானம் மூட்டம். கொழும்புத் தோணிக்கு வெங்காயம் ஏற்றம். மூட்டை குறித்துக் குறித்துக் கை சோர்ந்தது. குடை ஆபீஸில். நாளை மறக்காமல் எடுக்க வேண்டும். பேனாவுக்கு மை வாங்க வேண்டும்.

மாலை கோயில் பள்ளிக்கூடத்தில் தொம்மை வாத்தியார் தன் நாடகத்தின் மூன்றாம் பாகத்தைக் கையில் கொடுத்தார். "படிச்சிட்டுச் சொல்லு இன்னாசி. நான் எழுதுனதுலயே இதான் உச்சம்."

வீட்டுக்கு வந்து விளக்கேற்றிப் படித்தேன். உச்சம்தான். இதற்கு மேல் ஒரு பொம்பளைப் பாத்திரத்தைக் கெடுக்க முடியாது. சோறு இறங்கவில்லை.

இனி இதில் அவர் வெறும் வா. முழுப் பெயர் எழுத மை வீண்.

கோபம் அடங்காமல் தூக்கம் வராது, எழுதிவிடுகிறேன். எங்கள் நாடக சபையில், அக்டோபர் கடைசி ஞாயிறு கொண்டாடுகிற செபமாலை மாதா திருநாளுக்கு வருடம் ஒரு பாகமாக நாடகம். முதல் பாகத்தில் சலேத்தம்மாள் மேடைக்கு வந்தபோது அவள் யார் என்று கரையில் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் அக்கா லூர்து. பெயர்தான் வேறு. மச்சான் சங்கு குளிக்கப் போய்த் திரும்பாத அன்று, வள்ளங்களின் சொந்தக்காரர் பெரிய முதலாளி, சங்கு நன்றாகக் கிடைக்கிற நேரம், தேடப் போக வள்ளம் கிடையாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் விடியலில் அக்கா கடற்கரைக்குப் போனாள். இறக்க நிறுத்தியிருந்த வள்ளத்தின் கயிற்றைப் பிடித்தாள். பெண்பிள்ளை கை பட்ட வள்ளம் அன்று தொழிலுக்குப் போகாது. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தால்தான் உண்டு. சாமியார் அன்று ஊரில் இல்லை. அது அக்காவுக்குத் தெரியும். வரிசையாக ஒவ்வொரு கயிறாகத் தொட்டுக்கொண்டே போனாள். தொழிலுக்குப் போக வழியில்லை, தேடப் போகலாம். போனார்கள். மச்சான் உடல் கிடைத்தது. கல்லறைத் தோட்டத்தில் மச்சானுக்கு ஓர் இடம் இருக்கிறதென்றால் அது அக்காவின் கையால்.

முதல் பாகத்தில் சலேத்தம்மாளுக்கு வசனமே அதிகம் இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இது என் கையிலதான் இருக்கு. கடலுக்குப் போறதுன்னா தேடப் போங்க" என்பாள். அவ்வளவுதான். திரேஸ்புரம் வரைக்கும் பொம்பளைகள் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

இரண்டாம் பாகத்தில் வா. அவளுக்கு இருமல் கொடுத்தார். நான்கு பாட்டுக் கொடுத்தார். அவள் அடுப்படியில் உட்கார்ந்து இருமினாள், பாடினாள், மறுபடி இருமினாள். கோமாளிக்கு அவளைவிடக் காட்சி அதிகம்.

மூன்றாம் பாகம்: கடலில் மீன்பாடு குறைந்துவிடுகிறது. எல்லாம் தான் கயிற்றைத் தொட்ட பாவம் என்று சலேத்தம்மாளுக்குத் தோன்றுகிறதாம். கடைசிக் காட்சியில் முதலாளி காலில் விழுந்து அழுகிறாளாம். முதலாளி பெரிய மனதோடு, "எழுந்திரு, உன்னை மன்னித்தேன்" என்பாராம். எல்லோரும் நின்று மங்களம்.

மன்னிக்கிறாராம்.

அக்டோபர் 19. சனி.

மழை இல்லை. குடை எடுத்தாகிவிட்டது. மை மறந்துவிட்டது.

அக்கா வீட்டில் சாப்பாடு. ஊளி மீன் குழம்பு. கருவாட்டுக் கூடைகளைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நாடகத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவளே கேட்டாள்.

"இந்த வருசமும் எனக்கு இருமலாலே?"

"இல்லக்கா."

"நல்லதாப் போச்சு. போன வருசம் பார்த்துட்டு வந்ததுலேர்ந்து எனக்கே தொண்ட கரகரன்னுச்சு."

சிரித்தாள். பிறகு சொன்னாள்: "நான் என்னையப் பாக்கவால போறேன். அந்த ஆளு மேடைக்கு வந்ததும் சனம் பூரா ஓன்னு ஏசும்லா, அதைக் கேக்கத்தான் போறேன். வாத்தியார் எதைக் கெடுத்தாலும் அவனை மட்டும் கெடுக்கல. அப்படியே அச்சா வச்சிருக்காரு."

முதலாளி வேடம் வா.வுக்குத்தான். அவருக்கு அது பொருந்தும் என்று சொல்ல வந்தேன். குழம்பு ஊற்றினாள், சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 20. ஞாயிறு.

பூசை. பிரசங்கம் நீளம். பொறுமையைப் பற்றி. எனக்காகவே பேசினது போல இருந்தது, கேட்கவில்லை.

ஒத்திகைக்குப் பிறகு வா.வைத் தனியாகப் பிடித்தேன். பேசினதை அப்படியே எழுதுகிறேன், பிறகு மறுக்கக் கூடாது.

"சலேத்து எதுக்கு விழணும், வாத்தியாரே?"

"பாத்திரம் வளரணும்லா. மூணு வருசமும் கயித்தையே புடிச்சிட்டு நின்னா சனத்துக்கு அலுத்துப்போவும்."

"விழுறதா வளர்ச்சி?"

"மனசு வளருதுடே. பணிவு. உனக்குச் சொன்னா வெளங்காது. நீ பின்னால இருந்து சொல்லிக்கொடுக்குத ஆளு, முன்னால இருந்து பார்த்ததில்ல."

"என் அக்கா முன்வரிசையில இருப்பா."

"அவியளை யாரு சொன்னா? இது கதை." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

காரணம் எனக்குத் தெரியாதா. பெரிய முதலாளி போன வருடம் செத்தார். அவர் மகன், எங்கள் சின்ன முதலாளி (இனி சி.மு.), மூன்று லாஞ்சு, மோட்டார் படகு, விட்டிருக்கிறார். கரைக்குப் பக்கத்திலேயே மடி வலையை இழுத்து முட்டையும் குஞ்சுமாக அரித்துக்கொண்டு போகிறது. வள்ளக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். இந்த வருடம் மேடை, மைக் செட், மதுரையிலிருந்து வரும் படுதா, எல்லாம் சி.மு. உபயம். மீன் எங்கே போயிற்று என்று சனம் கேட்டால், இதோ, ஒரு கைம்பெண் கயிற்றைத் தொட்டாள் என்று மேடையில் சொல்லியாகிவிடும். தகப்பனுக்கும் புகழ், மகனுக்கும் தப்பித்தல்.

வா. இதற்கு உடன்பட்டார். முதல் பாகத்தை எழுதின அதே கை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பகையாளி செய்திருந்தால் இவ்வளவு எரியாது.

அக்டோபர் 22. செவ்வாய்.

வாடைக்காற்று எழும்பிவிட்டது. தோணி ஒன்று வெளியே நிற்கிறது, உள்ளே வர முடியவில்லை. வேலை குறைவு. மை வாங்கினேன், நீலம் இல்லை, கறுப்பு.

டீக்கடையில் ரேடியோ நாடகத்தைப் பற்றிப் பெரிய வழக்கு. மருமகளுக்குச் சூடு வைத்துக்கொண்டிருந்த மாமியார் திருந்திவிட்டாளாம்.

"திருந்திட்டா, இனி எதுக்குக் கேக்கணும்? பெட்டிய அணைச்சிட்டுப் படுத்துரலாம்."

"நேத்துப் பூராம் அழுதுக்கிட்டே இருந்தா அண்ணாச்சி. எனக்கே பாவமாப் போச்சு. அந்த மருமவ பட்ட பாடெல்லாம் மறந்துபோச்சு."

"அதான் சொல்லுதேன். கெட்டவள அழவிட்டா, அடிவாங்குனவ காணாமப் போயிருதா."

சரியாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். கதையெழுதுகிறவர்கள் எல்லோருக்கும் இதே வியாதி. முதலில் ஒரு ஆளை உயிரோடு கொண்டுவருவார்கள். கைத்தட்டல் கிடைத்ததும் அந்த ஆளுக்கு வாயைக் கூட்டுவார்கள், பிறகு நோய், பிறகு புத்தி. கடைசியில் பெயர் மட்டும் மிச்சம். மீனுக்குச் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல, பாத்திரத்துக்கு வாயைப் பார்த்தால் போதும். பேச்சு நீண்டால் கெட்டுவிட்டது.

மாலை. இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது. அக்கா கடற்கரைக்கு மீன் எடுக்கப் போயிருக்கிறாள். வழக்கமாகக் கொடுக்கிற வள்ளக்காரன் கூடையை நகர்த்திக்கொண்டான்.

"யக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கயித்துப் பக்கம் வராதிய."

இத்தனை வருடம் யாரும் சொல்லாத பேச்சு. ஒத்திகைக் கதை கசிந்துவிட்டது. குழாயடியிலும் அதே பேச்சு: "அன்னைக்குத் தொட்டதுலேர்ந்துதான்ளா கடல் வத்துச்சு. நாடகத்துல கூட வருதாம்." நாடகத்தில் வந்தால் பிறகு அது வேதம்.

அக்கா வெறுங்கூடையோடு வந்தாள். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

வா.வுக்கு என்ன செய்யலாம்:
சோடாவில் விளக்கெண்ணெய். (சின்னப்பிள்ளைத்தனம்.)
ஒட்டு மீசையின் பசையில் மிளகாய்ப் பொடி. (நல்லது. ஆனால் போதாது.)
சாமியாரிடம் சொல்வது. (படுதா சாமியாருக்கும் பிடித்திருக்கிறது.)
சொல்லிக்கொடுக்கிற வேலையை விடுவது. (வேறொருவன் உட்காருவான். முடியாது. நான்தான் உட்கார வேண்டும்.)

நான்தான் உட்கார வேண்டும்.

அக்டோபர் 24. வியாழன்.

தூறல். செருப்பு அறுந்தது.

எங்கள் சபையில் யாரும் வசனம் பாடம் பண்ணுவதில்லை. எப்போது பண்ணுவார்கள். பகலெல்லாம் கடல், தோணி, ஐஸ் கம்பெனி. மேடைக்கு வந்து நிற்பார்கள். படுதாவுக்குப் பின்னாலிருந்து பாத்திரத்தின் பெயரைச் சொல்லி வசனத்தை நான் சொல்வேன், அவர்கள் உரக்கச் சொல்வார்கள். வலப்பக்கம் போ என்றால் போவார்கள், அழு என்றால் அழுவார்கள். அர்த்தம் பிறகுதான் தலைக்குள் போகும், சிலருக்கு அதுவும் போகாது. எழுதினவரே ஆனாலும் வா.வும் அப்படித்தான். தன் வசனமே அவருக்கு நிற்காது. என் குரல் கேட்டால் அவர் வாய் தானாகத் திறக்கும். பல வருடப் பழக்கம்.

இதைவிட என்ன ஆயுதம் வேண்டும்.

கஸ்பாரைப் பார்த்தேன். சலேத்தம்மாள் வேடம் அவனுக்கு. ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறவன், சேலை கட்டினால் பொம்பளைகளே அசந்துபோவார்கள். இந்த வருடம் அவனுக்கே உற்சாகம் இல்லை.

"விழுந்து அழுறதுக்கு எதுக்குண்ணே மீசைய எடுக்கணும்? தலையக் குனிஞ்சேதான இருக்கப்போறேன்."

"எடுலே. கடைசியில நிமிர வேண்டியிருக்கும்."

"அப்படியா எழுதிருக்கு?"

"நான் சொல்றதைச் சொல்லு, போதும்."

"அது எப்பவும் உள்ளதுதான. நீங்க சொல்லுங்க, நான் சொல்லுதேன். எனக்கென்ன."

நல்ல பிள்ளை.

அக்டோபர் 26. சனி.

மழை விட்டது. பந்தல் காய்கிறது. வேட்டி சலவைக்குப் போட்டிருக்கிறேன்.

வழி கிடைத்துவிட்டது. நான் புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம். கடைசிக் காட்சியில் சலேத்தின் வசனத்தை முதலாளிக்குக் கொடுப்பது, முதலாளியின் வசனத்தைச் சலேத்துக்குக் கொடுப்பது. இங்கும் அங்கும் ஒன்றிரண்டு சொல் மாற்றினால் போதும். வா. எழுதின அழுகையை வா.வே அழட்டும். வா. எழுதின மன்னிப்பை அவள் வாயிலிருந்து வாங்கிக்கொள்ளட்டும். சி.மு. முதல் நாற்காலியில் உட்கார்ந்து, தன் தகப்பன் ஐஸ் கம்பெனிக் கஸ்பார் காலில் விழுவதைப் பார்க்கட்டும்.

மங்களம்தான் ஒரு தொல்லை. மண்டியிட்ட ஆளை எழுப்பிவிடாமல் மங்களம் பாடக்கூடாது, திருநாள் நாடகத்தில் அது குறை. அதற்கும் வா.வின் வரியே இருக்கிறது, "எழுந்திரு, உன்னை மன்னித்தேன்". சலேத்து சொல்லிவிடுவாள். முடிந்தது.

இன்று எனக்கு நன்றாகப் பசித்தது. அக்காவிடம் இரண்டாம் முறை சோறு கேட்டேன். ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நாளைக்கு முன்னால உக்காரு" என்றேன்.

"எப்பவும் முன்னாலதான உக்காருதேன். இந்தத் தடவ அவளுவ பக்கத்துல உக்காருவாளுவளா, அதான் தெரியல."

அக்டோபர் 28. திங்கள்.

வேலைக்குப் போகவில்லை. வெயில். உடம்பெல்லாம் வலி, மனசெல்லாம் பூ. நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். கிழவனானால் படித்துச் சிரிக்கலாம்.

சப்பரம் நிலைக்கு வந்ததும் நாடகம். நல்ல கூட்டம், பாய் போட இடமில்லை. நான் பக்கப் படுதாவுக்குப் பின்னால், ஸ்டூலில். அங்கிருந்து எனக்குத் தெரிவது மேடையில் நிற்பவர்களின் கால் மட்டும். மற்றதெல்லாம் காதால்தான்.

முதலாளி முதல் தடவை மேடைக்கு வந்தபோது வழக்கம்போல ஏச்சு. ஓ என்று ஒரே சத்தம். வா. மகிழ்ச்சியோடு மீசையைத் தடவியிருப்பார். நடுவில் எல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன். சந்தேகம் வரக் கூடாதல்லவா. சலேத்து, தான் கயிற்றைத் தொட்டதால் கடல் வற்றியது என்று சொல்கிற இடத்தில் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். கஸ்பாரும் போய்விட்டான்.

கடைசிக் காட்சி. வா.வின் பம்ப் ஷூ, கஸ்பாரின் வெறுங்கால். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சத்தமே இல்லை. ஷூ முன்னால் வந்தது, பின்னால் போனது. வா. கனைத்தார். நான் வெற்றிலையை மடித்து வாயில் போட்டேன். வா. படுதா பக்கம் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "சொல்லுலே இன்னாசி" என்றார். மைக் தலைக்கு மேலே தொங்கியது. கோயில் கோபுரம் வரைக்கும் கேட்டது. சனம் சிரித்தது. ஆகா, அந்தச் சிரிப்பு.

அப்போது சொன்னேன். மெதுவாக, தெளிவாக, எப்போதும் சொல்கிற குரலில். "முதலாளி. பாவி நான்."

"பாவி நான்" என்றார் வா. கணீரென்று.

"தேடப் போக வள்ளம் இல்லை என்று சொன்ன பாவி."

சொன்னார். சொன்ன பிறகுதான் ஷூ நின்றது. தெரிந்துவிட்டது. ஆனால் என்ன செய்வார். என் குரலைத் தவிர அவரிடம் வேறு வசனம் இல்லை. சும்மா நின்றால் மறுபடி சிரிப்பார்கள். சொன்னால் இது. நான் சொல்லிக்கொண்டே போனேன், அவர் சொல்லிக்கொண்டே வந்தார். என்னால் இந்தக் கரை அழுதது. ஒரு பெண்ணின் கையிலிருந்த கயிற்றுக்குப் பயந்தேன். எல்லாம். நடுங்கின குரல், நடிப்பில்லை.

"முதலாளி, மண்டியிடு."

முழங்கால் பலகையில் பட்ட சத்தம் கேட்டது. இந்த ஜென்மத்தில் அதைவிட நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

கஸ்பாருக்கு முதல் பாகத்து வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். "இது என் கையிலதான்" என்பதற்குள் பொம்பளைகள் பக்கத்திலிருந்து மிச்சத்தைச் சொல்லிவிட்டார்கள், கூட்டமாக. பிறகு "எழுந்திரும், உம்மை மன்னித்தேன்". கஸ்பார் கை கொடுத்துத் தூக்கினான். ஒரே அழுகை, கைத்தட்டல். மங்களம்.

சி.மு. மேடைக்கே ஏறிவிட்டார். வா.வைக் கட்டிப்பிடித்துத் தேம்பினார். மானம் போனால் அழத்தான் வேண்டும்.

வெளியே வந்து பார்த்தால் அக்கா இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் கேட்டேன். மங்களத்துக்கு முன்னாலேயே பாயைச் சுருட்டிவிட்டாளாம். சந்தோஷத்தில் அழுகிறதை நாலு பேர் பார்க்க வேண்டாம் என்று போயிருப்பாள்.

இன்று காலை போனேன். பூட்டு. கீழவைப்பாருக்குக் கருவாடு எடுக்கப் போயிருக்கிறாள், வர நான்கு நாளாகும் என்றார்கள். என்னிடம் சொல்லாமல் எப்போதும் போகமாட்டாள். அவசரமாக இருந்திருக்கும்.

அக்டோபர் 30. புதன்.

மூட்டம். உப்பு ஏற்றம். செருப்பு தைத்தாயிற்று.

வா. கண்ணில் படவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருக்கிறாராம், காய்ச்சல். கேட்டதும் இரண்டு டீ குடித்தேன்.

டீக்கடையில் நாடகப் பேச்சு. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அந்த ஆளு விழுந்தாரு பாரு, என்னால தாங்க முடியல."

"எவ்வளவு பெரிய மனுசன். தப்ப ஒத்துக்கிடுததுக்கும் ஒரு மனசு வேணும்லா."

"உள்ளத்துல நல்லவருதான்டே. நமக்குத்தான் வெளங்கல."

டீ ஆறிவிட்டது. "அது நாடகம், அண்ணாச்சி" என்றேன். "நாடகம்னாலும் உள்ளதத்தான் எழுதுவாவ" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

மாலை கஸ்பார் வந்தான். கையில் பார்சல். புது வேட்டி, சட்டைத்துணி. சி.மு. கொடுத்துவிட்டாராம்.

"எதுக்குலே?"

"கடைசிக் காட்சிய மாத்துனது நீங்கதான்னு வாத்தியார் சொல்லிட்டாரு. நான் கூட உங்களுக்கு இருக்குன்னு நெனச்சேன். ஆனா சின்ன முதலாளி, 'எங்க அப்பாவ இவ்வளவு உயர்த்திக் காட்டுனது இன்னாசிதானா'ன்னு ஒரே அழுகைண்ணே. அடுத்த வருசமும் அப்படியே வைக்கணுமாம்."

"வாத்தியார் என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. 'நான் சலேத்தத்தான் கெடுத்தேன், இன்னாசி முதலாளியையும் சேத்துக் கெடுத்துட்டான்னு சொல்லு'ன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. உங்களுக்கு வெளங்குதா?"

பார்சல் மேசை மேல் கிடக்கிறது. எரிக்கலாம். துணி நல்ல துணி. அதற்காகவே எரிக்க வேண்டும். வா.வின் காய்ச்சல் நாளைக்கே குணமாகிவிடும், எனக்குத் தெரியும்.

அக்டோபர் 31. வியாழன்.

ஒன்றும் ஓடவில்லை. மூட்டை எண்ணிக்கை இரண்டு தடவை தப்பியது, தோணிக்காரர் திட்டினார்.

மேடையில் நான் கேட்ட கைத்தட்டலைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். முதலாளி மண்டியிட்டபோது ஒருத்தர்கூட ஏசவில்லை. அழுகைச் சத்தம்தான். காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அது யாருக்கான அழுகை என்று தெரியவில்லை.

நவம்பர் 2. சனி. கல்லறைத் திருநாள்.

காலையில் மழை, பிறகு விட்டது. மணல் ஈரம்.

மாலை கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அக்கா வந்திருந்தாள். மச்சான் கல்லறையில் சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தியை மணலில் நட்டுக்கொண்டிருந்தாள். காற்றில் அணைந்தது, மறுபடி பற்றவைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கீழவைப்பார்ல கருவாடு நல்லாருந்துச்சாக்கா?"

"இருந்துச்சு."

"இங்கன கடற்கரையில மீன் தாரானுவளா?"

"தாரானுவ. நேத்து அந்த வள்ளக்காரனே கூப்பிட்டுக் குடுத்தான். 'மன்னிச்ச மகராசி'ன்னான்."

அந்தப் பேச்சை அவள் ஒரு மாதிரியாகச் சொன்னாள்.

பெரிய முதலாளியின் கல்லறை நாலு கல்லறை தள்ளி. சலவைக்கல். போன வருடம் அங்கே அவர் வீட்டார் வைத்த மெழுகுவர்த்தி மட்டும்தான் எரிந்தது. இந்த வருடம் சுற்றிலும் வெளிச்சம். வள்ளக்காரர்கள், அவர்கள் பெண்டுகள், பிள்ளைகள், வரிசையாக வந்து ஒவ்வொன்றாக நட்டுவிட்டுப் போகிறார்கள். முதல் பாகத்தில் தொண்டை கிழிய ஏசினவர்கள். ஒருத்தி முழங்காலில் நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த ஆளு என்கிட்ட வரவே இல்ல தெரியுமாலே. சாவுக்கு வரல, நாப்பதாம் நாளுக்கு வரல. வழியில பார்த்தா வெயிலப் பாக்குத மாதிரி முகத்தத் திருப்பிக்கிடுவான். சாவுறவரைக்கும்."

"தெரியும்க்கா. அதுக்குத்தான் அவனை விழவச்சேன்."

"விழவச்ச. எழுப்புனது யாரு?"

மங்களம் பாட வேண்டுமென்றால் எழுப்பித்தான் ஆக வேண்டும், அது முறை என்று சொன்னேன். எனக்கே கேட்கக் கேவலமாக இருந்தது.

"என்னைய விழவச்சிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன். எவன் நம்பப்போறான், நான் இங்கன உசிரோட நிக்கேன். அவனை ஏசுறதுக்கு எனக்கு வருசத்துல ஒரு நாளு இருந்துச்சு. ஊரே என்கூடச் சேந்து ஏசும். அதையும் வாங்கிட்டியே. நான் இன்னும் மன்னிக்கலலே இன்னாசி. எனக்குப் பதிலா மன்னிக்க உன்னைய யாரு சொன்னா?"

குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நான் வா. பெயரைச் சொல்லித் தப்பித்திருப்பேன். எழுந்து நின்று சேலையிலிருந்த மணலைத் தட்டினாள். கையில் ஒரு மெழுகுவர்த்தி மிச்சம் இருந்தது. அதை என் கையில் வைத்தாள்.

"போ. நீயும் கொண்டுபோய் அங்கன ஒண்ணு வச்சிட்டு வா. உன் ஆளுதான."

திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு நடந்தாள்.

வைக்கவில்லை. கீழே போடவும் முடியவில்லை. சட்டைப் பையில்தான் இருக்கிறது, வளைந்துவிட்டது.